ஏட்டிலே அடிமை, நாட்டிலே அரசன்!

(சேலையூரில் நடைபெற்ற கூட்டத்தில் ஆற்றப்பட்ட சொற்பொழிவு)



வல்லரசுகள் பிற மக்களை எந்தக் கண்கொண்டு பார்த்தன என்பதுபற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறீர்கள். சீனப் பேரரசு வியத்நாமிய மக்களைப் பார்த்த பார்வையை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம் என்றும் சொல்லியனுப்பினீர்கள். அந்த வரலாற்றுக்குக் கட்டாயம் வருகிறேன். ஆனால் அதற்கு முன்பாக, அதே சீனப் பேரரசின் ஏட்டிலே நம்மைப்பற்றி, தமிழ்நாட்டைப்பற்றி எழுதப்பட்டுள்ள ஒரு குறிப்பை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். தன் முதுகிலே பட்ட அடியை உணர்ந்தவனுக்கே அடுத்தவன் முதுகிலே பட்ட அடியின் வேதனை புரியும் அல்லவா?

பொன் குழாயும் வெற்று உறையும்

கி.பி. 1106ஆம் ஆண்டு. சோழ அரியணையில் வீற்றிருந்தவன் முதலாம் குலோத்துங்கன். அந்த ஆண்டிலே பர்மாவின் பகான் அரசிலிருந்து தூதுவர்கள் சீனத்துச் சுங் பேரரசனின் அவைக்குச் சென்றார்கள். வந்தவர்களுக்கு எந்த அளவிலே மரியாதை செய்வது என்ற கேள்வி எழுந்தது. சோழநாட்டுத் தூதருக்குச் செய்ததைப் போலவே செய்யலாம் என்று பேரரசன் ஆணையிட்டான்.

அதிகாரிகள் குறுக்கிட்டார்கள். சோழநாடு ஸ்ரீவிஜயத்துக்கு அடங்கிய நாடு, ஆகவேதான் முன்பு அந்நாட்டுக்கு அனுப்பிய திருமுகத்தைத் தடித்த தாளிலே எழுதி, எளிய உறையிட்டு அனுப்பினோம் என்றார்கள். பகான் பெரிய நாடு, அதனை ஓர் அடிமைச் சிற்றரசின் தட்டிலே வைத்து நிறுக்கலாகாது என்றார்கள். அரபு நாட்டாருக்கும் வியத்நாமியருக்கும் செய்வது போல, பொற்பூ வேலைப்பாடு அமைந்த பட்டுத்தாளிலே எழுதி, பொன்முலாம் பூசிய குழாயிலே இட்டு, சரிகைப் பட்டினால் சுற்றி அனுப்புவதே முறை என்றார்கள். பேரரசன் தலையசைத்தான். சுங் வம்ச வரலாற்றிலே இந்தச் செய்தி இன்றும் இருக்கிறது.

சோழநாடு ஸ்ரீவிஜயத்துக்கு அடிமையாம்! யாருடைய ஸ்ரீவிஜயம்? 1025ஆம் ஆண்டிலே இராசேந்திரனுடைய கப்பற்படை கடல் கடந்து சென்று தாக்கிய ஸ்ரீவிஜயம்! கடாரம் முதலாக அங்கே வென்ற ஊர்களின் பட்டியல் தஞ்சைப் பெரிய கோயிலின் கல்லிலே வெட்டப்பட்டிருக்கிறது. 1106க்குப் பதினாறே ஆண்டுகளுக்கு முன்பு, 1090இல், கடாரத்து அரசன் குலோத்துங்கனிடம் தூதரை அனுப்பி, நாகப்பட்டினத்துப் புத்த விகாரைக்கு உரிய ஊர்களுக்கு வரிச்சலுகை கேட்டுப் பெற்றான். அதற்குச் செப்பேடு சான்று பகர்கிறது. கொடுத்தவன் சோழன், கேட்டவன் கடாரத்தான். சீனத்து ஏட்டிலோ கேட்டவன் ஆண்டையாகவும், கொடுத்தவன் அடிமையாகவும் நிற்கிறார்கள். ஏட்டிலே அடிமை, நாட்டிலே அரசன்!

எப்படி நேர்ந்தது இது? தமிழகத்துக்கும் சீனத்துக்கும் இடையிலே கடல்வழியின் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது ஸ்ரீவிஜயம். அதன் வணிகரும் தூதரும் சீனத் துறைமுகங்களிலே நிலையாகப் பழகியவர்கள். அவர்களே சோழரைத் தமக்குக் கீழ்ப்பட்டவர் என்று சுங் அரசவையினரிடம் காட்டியிருக்கலாம் என்று வரலாற்றாசிரியர் தான்சென் சென் கருதுகிறார். பேரரசு எல்லாவற்றையும் அறிந்ததாக எண்ணிக்கொள்கிறது. உண்மையிலோ அதன் காதிலே இடைத்தரகன் ஓதியதையே அது அறிகிறது. ஓதியது ஏட்டிலே ஏறிவிட்டால் பிறகு அது சட்டம், அது மரபு, அது முன்னுதாரணம்!

கொசுவாகிப் போன கோவேந்தன்

இன்னும் ஒன்று கேளுங்கள். தஞ்சைப் பெரிய கோயிலை எழுப்பிய இராசராசன் சீனத்துக்குத் தூது அனுப்பினான். அந்தத் தூதர்கள் 1,150 நாள் வழியிலே கழித்த பிறகே குவாங்சௌ துறைமுகத்தை அடைந்தார்கள் என்று சீன ஏடு கூறுகிறது. அவர்கள் 1015இல் பேரரசன் முன் நின்றபோது, அனுப்பிய மன்னன் மறைந்துவிட்டிருந்தான்.

அவன் அனுப்பியதாகச் சீன ஏடு பதிந்து வைத்திருக்கும் திருமுகத்திலே என்ன இருக்கிறது தெரியுமா? சோழமன்னன் தன்னைப் புளித்த காடியிலே மொய்க்கும் சிறு கொசுவுக்கு ஒப்பிட்டுக்கொள்கிறானாம்! சடங்கு முடிந்ததும் தூக்கியெறியப்படும் வைக்கோல் நாய்க்கு ஒப்பிட்டுக்கொள்கிறானாம்! சீனத்தின் நாகரிகக் காற்றுப் படாத காட்டுமிராண்டிகளின் இடத்திலே தலைமுறை தலைமுறையாக வாழ்பவனாம்! இருநூற்றுப் பதினாறு அடி உயர விமானத்தைக் கட்டியவன், தன்னைக் கொசு என்று எழுதி, மூன்றாண்டுப் பயணத்திலே அதனை அனுப்பிவைத்தான் என்று நாம் நம்பவேண்டும்.

அந்தத் திருமுகத்தின் மூலம் இன்று இல்லை. சீனமொழி வடிவம் மட்டுமே இருக்கிறது. பேரரசன் செவிக்கு எந்தச் சொல் இனிக்கும் என்பதை அறிந்த கைகளே அதனை ஆக்கியிருக்கும். அயல்நாட்டிலிருந்து வரும் எவரும் திறை செலுத்தவே வருகிறார் என்பது அந்த அவையின் முடிந்த முடிவு. வாணிகம் பேச வந்தாலும் திறை, நட்பு நாடி வந்தாலும் திறை! 1077இல் சென்ற சோழத் தூதுக்குழுவினர் 72 பேர். அவர்கள் கண்ணாடிப் பொருள்களும் கற்பூரமும் தந்தமும் பன்னீரும் கொண்டுபோய் வைத்தார்கள். பதிலுக்குப் பெற்றது 81,800 சரம் செப்புக்காசு. கைக்குக் கை மாறிய பண்டமும் காசும் வாணிகம் என்று நமக்குத் தெரிகிறது. ஏட்டிலோ அது திறையும் பரிசுமாக ஏறியது.

பார்த்ததும் கேட்டதும்

சீனத்தார் அனைவரும் இப்படித்தான் எழுதினார்கள் என்று நான் கூறவில்லை. ஏழாம் நூற்றாண்டிலே வந்த யுவான் சுவாங் என்னும் துறவியை எடுத்துக்கொள்ளுங்கள். காஞ்சிபுரத்தைப்பற்றி அவர் எழுதும்போது, அங்குள்ள மக்கள் துணிவுடையவர்கள், வாய்மையிலே பற்றுள்ளவர்கள், கல்வியைப் போற்றுகிறவர்கள் என்கிறார். நூற்றுக்கு மேற்பட்ட பௌத்த மடங்களையும் பதினாயிரம் துறவிகளையும் குறிக்கிறார். அதே யுவான் சுவாங், தெற்கே முத்து விளையும் மலகூட நாட்டைப்பற்றி எழுதும்போது, மக்கள் கருநிறத்தர், முரட்டுக் குணத்தர், கல்வியை மதியாதவர், ஊதியத்தையே நாடுகிறவர் என்று முடித்துவிடுகிறார். மலகூட நாட்டுக்கு அவர் நேரிலே போகவில்லை, கேட்டு எழுதினார் என்பது அறிஞர் பலரின் கருத்து.

காலாற நடந்து கண்ணாரக் கண்ட ஊரிலே மனிதர் இருக்கிறார்கள், கேள்விப்பட்ட ஊரிலே கருப்பரும் முரடரும் இருக்கிறார்கள்! காஞ்சிக்கும் பாண்டிய நாட்டுக்கும் இடையே குணத்திலே அத்தனை வேற்றுமையா? வேற்றுமை பார்த்ததற்கும் கேட்டதற்கும் இடையிலே இருக்கிறது.

வியத்நாமுக்குச் சூட்டிய பெயர்கள்

இப்போது வியத்நாமுக்கு வருவோம். சோழன் பேரரசின் தொலைவிலே இருந்தான். கடல் அவனைக் காத்தது. ஏட்டிலே இழிவுபட்டதோடு அவன் துன்பம் முடிந்தது. ஆனால் வியத்நாமியர் பேரரசின் வாயிற்படியிலே இருந்தார்கள். அவர்களைப்பற்றி எழுதிய எழுத்துக்குப் பின்னால் படை வந்தது.

கி.மு. 111இல் ஹான் பேரரசு செவ்வாற்றுச் சமவெளியைக் கைப்பற்றியது. ஹான் வரலாற்று ஏடு என்ன சொல்கிறது? அங்கிருந்த மக்களுக்கு ஏர் உழத் தெரியாது, முறையாக மணம் முடிக்கத் தெரியாது, நம் அதிகாரிகள் சென்று கற்பித்தார்கள் என்கிறது. 1982இல் ஹனோய்க்கு அருகே கோ லோவா என்னுமிடத்திலே ஒரு பெரிய வெண்கல முரசு கிடைத்தது. ஹான் படை வருவதற்கு முற்பட்டது என்று அறிஞர் கணிக்கும் அந்த முரசின் உள்ளே என்ன இருந்தது? வெண்கல ஏர்க்கொழுக்கள்! ஒன்றல்ல, இரண்டல்ல, குவியலாக! உழத் தெரியாதவர்கள் என்று ஏடு சொன்னது. உழுதவர்களின் கொழு மண்ணுக்குள்ளிருந்து மறுப்புரை கூறிற்று.

கற்பிக்க வந்தவர்களை எதிர்த்து கி.பி. 40இல் டிரங் சகோதரிகள் இருவர் கிளர்ந்தெழுந்தார்கள். 43இல் மா யுவான் என்னும் தளபதி அதனை அடக்கினான். 679இல் டாங் பேரரசு அந்த நாட்டுக்கு ‘அன்னாம்’ என்று பெயர் சூட்டியது. ‘அடக்கி அமைதியாக்கப்பட்ட தெற்கு’ என்று பொருள். ஒரு நாட்டின் பெயரையே அதன் தோல்வியின் அறிவிப்பாக்கிய கொடுமையை எண்ணிப்பாருங்கள்! 938இல் நோ குயென் என்னும் தலைவன் பாக் தாங் ஆற்றின் அடியிலே கூர்முனைக் கழிகளை நட்டுச் சீனக் கப்பல்களை உடைத்தான். நாடு விடுதலை பெற்றது. அப்படியும் பெயர் விடவில்லை. சீனம் அந்நாட்டு வேந்தனை அன்னாமின் மன்னன் என்றே எழுதிவந்தது. அவனோ தன் நாட்டிலே தன்னைப் பேரரசன் என்று அழைத்துக்கொண்டான். 1804இல் கியா லோங் என்னும் அரசன் தன் நாட்டை ‘நாம் வியத்’ என்று அழைக்க விரும்பியபோதும், சீன அரசவை அந்தச் சொற்களைப் புரட்டி ‘வியத் நாம்’ என்று ஆக்கித் தந்தது. இன்று உலகம் வழங்கும் பெயருக்குள்ளும் அந்தப் பேரம் இருக்கிறது.

பேரரசின் பார்வை எத்தகைய இரட்டை நாக்குடையது என்பதற்கு மிங் பேரரசன் யுங்லோவே சான்று. அவனுடைய கப்பற்படைத் தலைவன் செங் ஹோ 1409ஆம் ஆண்டு நாளிட்ட ஒரு கல்லை இலங்கைக்குக் கொண்டுவந்தான். காலியிலே கிடைத்த அந்தக் கல் இன்று கொழும்பு அருங்காட்சியகத்திலே இருக்கிறது. அதிலே சீனமொழியிலே புத்தருக்கும், தமிழிலே தேனவரை நாயனாருக்கும், பாரசீகத்திலே அல்லாவுக்கும் காணிக்கைகள் அறிவிக்கப்பட்டுள்ளன. தமிழுக்கு இடம் தந்தானே என்று நாம் மகிழலாம். ஆனால் 1411இல் அதே படை இலங்கை மன்னனைச் சிறைப்பிடித்துச் சீனத்துக்குக் கொண்டுசென்றது. 1407இல் அதே பேரரசனுடைய படை வியத்நாமை விழுங்கியது. அந்நாட்டு நூல்களையும் கல்வெட்டுகளையும் அழித்துவிடுக என்று ஆணை பிறந்தது. காலியிலே மூன்று மொழிகளில் கல் வெட்டிய கை, வியத்நாமிலே ஒரு மக்களின் ஏடுகளைத் தீயிலிட்டது.

இருபது ஆண்டு கழித்து, 1427இல், லே லோய் என்னும் தலைவன் அந்தப் படையை வெளியேற்றினான். அடுத்த ஆண்டு அவனுடைய அறிவாளித் துணைவன் நுயென் டிராய் ஒரு வெற்றிப் பிரகடனம் எழுதினான். எங்கள் மலையும் ஆறும் வேறு, எங்கள் வழக்கமும் வேறு, எங்களுக்கென்று ஒரு நாகரிகம் நெடுங்காலமாக உண்டு என்பது அதன் சாரம். அதனை அவன் எழுதியது சீன எழுத்திலே! எந்த ஏட்டிலே இழிவுபடுத்தினார்களோ, அந்த எழுத்தையே கற்று, அந்த எழுத்திலேயே மறுப்பு எழுதினான்.

1979இல் சீனப்படை மீண்டும் வியத்நாமின் எல்லையைத் தாண்டியபோது, பாடம் கற்பிக்கவே செல்கிறோம் என்று சீனத் தலைவர்கள் கூறினார்கள். ஹான் அதிகாரி ஏர் பிடிக்கக் கற்பித்தான், அவனுக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரம் ஆண்டு கழித்து வந்தவர்களும் கற்பிக்கவே வந்தார்கள்! செங்கொடி ஏந்திய அரசுக்கும் அந்தப் பழைய கண்ணாடி பொருந்திவிட்டதே என்பது எண்ணி வருந்தத்தக்கது.

கண்ணாடி கைமாறும் கதை

தோழர்களே! இதுவரை கூறியதைக் கேட்டு, அடக்கியவன் தீயவன், அடங்கியவன் தூயவன் என்று நாம் எழுந்து சென்றுவிடலாம். வரலாறு அவ்வளவு எளிதாக நம்மை விடவில்லை.

வியத்நாமியர் தம் தெற்கே இருந்த சம்பா நாட்டாரை எப்படிப் பார்த்தார்கள்? காட்டுமிராண்டிகள் என்றே பார்த்தார்கள். 1471இல் அந்நாட்டுத் தலைநகரைத் தரைமட்டமாக்கினார்கள். 1830களில் மின் மாங் என்னும் வியத்நாமியப் பேரரசன் கம்போடியரைத் திருத்தி நாகரிகம் புகட்டக் கிளம்பினான். சீனன் தன்மீது சுமத்திய அதே சொல்லை அவன் கெமர் உழவன்மீது சுமத்தினான்.

நாம் மட்டும் விலக்கா? நம் மன்னர்களின் மெய்க்கீர்த்திகளைப் புரட்டுங்கள். புறங்கண்ட பகைவர், கவர்ந்த செல்வம், கைப்பற்றிய கோட்டைகள் என்றே அவை அடுக்கிச் செல்கின்றன. தோற்ற ஊரிலே வாழ்ந்த உழவனும் நெசவாளியும் என்ன ஆனார்கள் என்பதற்கு அங்கே ஒரு வரி இல்லை. சீன ஏட்டைக் கண்டு சினக்கின்ற நாம், கடாரத்தான் எழுதியிருந்தால் நம்மைப்பற்றி என்ன எழுதியிருப்பான் என்றும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வியத்நாமிலேயே தமிழன் எங்கே நின்றான் என்று பாருங்கள். பிரெஞ்சு ஆட்சியின்போது புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் தமிழர்கள் சைகோனுக்குச் சென்றார்கள். 1881ஆம் ஆண்டு ஆணைப்படி, தம் சாதிவழிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் அவர்களிலே பலர். ஊரிலே சாதியின் காலடியிலே நசுங்கியவர்கள் சைகோனிலே எழுத்தராகவும் காவலராகவும் வரி தண்டுவோராகவும் நிமிர்ந்து நின்றார்கள். அந்த நிமிர்வை நான் குறை கூறமாட்டேன். ஆனால் அவர்கள் எதிரே நின்ற வியத்நாமியனுக்கோ, அது தன்னை ஆளும் வெள்ளையனின் நீண்ட கை. நாட்டுக்கோட்டை நகரத்தார் அங்கே வட்டித்தொழில் நடத்தினர். அவர்களுடைய பேரேட்டிலே வியத்நாமிய உழவன் ஒரு பெயர், ஒரு நிலம், ஒரு தவணை. அவ்வளவே! அவர்களிலே எத்தனை பேர் அவனுடைய மொழியிலே அவன் துயரத்தைக் கேட்டிருப்பார்கள்? அங்கே எழுந்த மாரியம்மன் கோயிலிலே இன்று கைகூப்பி நிற்பவர்கள் பெரும்பாலும் வியத்நாமிய மக்கள்தாம். பேரேடு மறைந்தது, பெருமக்கள் வேண்டுதல் நிலைத்தது!

பேனா செய்யும் கொலை

ஏட்டிலே எழுதினால் எழுதிவிட்டுப் போகட்டுமே, அதனால் என்ன கேடு என்று கேட்பவர்கள் இருக்கலாம். அவர்களைப் பெருங்காமநல்லூருக்கு அழைத்துச் செல்கிறேன்.

1871இல் வெள்ளை அரசு ஒரு சட்டம் இயற்றிற்று. ஒரு சமூகம் முழுவதையுமே பிறவிக் குற்றவாளிகள் என்று பட்டியலிலே எழுதிவிடலாம் என்றது அந்தச் சட்டம். பின்னர் அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிறமலைக் கள்ளர் மக்கள் பெருவிரல் ரேகை பதியவேண்டும் என்றார்கள். உழுபவனும் குற்றவாளி, திருடியே அறியாதவனும் குற்றவாளி! 1920 ஏப்ரல் 3ஆம் நாள், உசிலம்பட்டிக்கு அருகேயுள்ள பெருங்காமநல்லூரிலே மக்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். துப்பாக்கி முழங்கிற்று. 16 உயிர்கள் பறிபோயின. மாயக்காள் என்னும் பெண்ணும் அவர்களிலே ஒருவர். சென்னை மாகாணத்திலே அந்தச் சட்டம் 1947இல் நீக்கப்பட்டது. முதலிலே ஒரு சொல், பிறகு ஒரு பட்டியல், பிறகு ஒரு சட்டம், கடைசியிலே ஒரு துப்பாக்கி. இதுவே ஆதிக்கப் பார்வை நடக்கும் பாதை. அந்தப் பாதையை முதற்படியிலேயே மறிக்க வேண்டும். துப்பாக்கி முழங்கிய பிறகு மறிப்பதற்கு ஒன்றுமில்லை.

சேலையூரிலே நம் கடமை

இவ்வளவையும் சேலையூரிலே நின்று ஏன் பேசுகிறேன்? பக்கத்திலே மாடம்பாக்கம். சோழர் காலத்துக் கோயிலும் கல்வெட்டும் அங்கே உண்டு. அந்தப் பெருமையை நாம் பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். மறுபுறத்திலே தாம்பரம் ரயில் நிலையம். வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வரும் வண்டிகளிலே நாள்தோறும் பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் அசாமிலிருந்தும் இளைஞர்கள் வந்து இறங்குகிறார்கள். இந்தப் புறநகரிலே எழுகின்ற அடுக்குமாடிகளுக்குச் சாரம் கட்டுகிறவர்கள், கம்பி வளைக்கிறவர்கள், உணவு விடுதியிலே பாத்திரம் தேய்க்கிறவர்கள் அவர்களிலே எத்தனையோ பேர்.

அவர்களை நாம் எந்தப் பெயரால் அழைக்கிறோம்? ‘வடக்கன்’ என்ற ஒற்றைச் சொல்லிலே எல்லோரையும் மூட்டையாகக் கட்டிவிடுகிறோமே! அசாமியனுக்கும் பீகாரிக்கும் மொழி வேறு, ஊர் வேறு, உணவு வேறு. அந்த வேறுபாடு நம் கண்ணிலே படுவதில்லை. தமிழனையும் தெலுங்கனையும் ‘மதராசி’ என்று ஒரே சொல்லிலே அடக்கியபோது நமக்கு எவ்வளவு எரிந்தது! மலேயாவிலே ‘கெலிங்’ என்றும், தோட்டங்களிலே ‘கூலி’ என்றும் அழைத்தபோது எவ்வளவு துடித்தோம்! அந்தக் கண்ணாடியை இப்போது நாம் எடுத்து மாட்டிக்கொள்வதா?

2023 மார்ச்சிலே, தமிழ்நாட்டிலே பீகார்த் தொழிலாளரைத் தாக்குகிறார்கள் என்று பொய்க் காணொளிகள் பரவியதை மறந்திருக்கமாட்டீர்கள். அவை பொய் என்று தமிழ்நாட்டுக் காவல்துறை அறிவித்தது. அங்கே நம்மைப் பாராமலே நம்மைக் கொடியவர் என்று நம்பினார்கள். இங்கே அவர்களைப் பேசாமலே அவர்களை முரடர் என்று நம்புகிறோம். காஞ்சியைப் பார்த்தவனின் எழுத்தும் மலகூடத்தைக் கேட்டவனின் எழுத்தும் நம் காலத்திலும் தொடர்கின்றன.

மேற்கூலி, வேலைநேரம், வீட்டு வாடகை பற்றிய உண்மையான சிக்கல்கள் இல்லை என்று நான் சொல்லவில்லை. குறைந்த கூலிக்கு ஆள் கிடைக்கிறான் என்பதற்காக உள்ளூர்த் தொழிலாளியை ஒதுக்குகிற முதலாளி இருக்கிறான். ஆனால் அந்தக் கணக்கை முதலாளியோடு தீர்த்துக்கொள்ள வேண்டும். சாரத்திலே நிற்பவனோடு தீர்த்துக்கொள்வது, ஸ்ரீவிஜயத்து இடைத்தரகன் ஓதியதைக் கேட்டுச் சோழனுக்கு வெற்று உறை அனுப்பிய மதிகேட்டுக்கு ஒப்பாகும். இங்கேயும் நடுவிலே ஒரு தரகன் இருக்கிறான். அவன் முதலாளியிடம் ஒரு கூலி சொல்கிறான், தொழிலாளியிடம் வேறொரு கூலி சொல்கிறான், நம்மிடம் ஒரு கதை சொல்கிறான். அவன் சொல்லும் கதையை நாம் ஏட்டிலே ஏற்றிவிடக் கூடாது.

ஆகவே ஒவ்வொரு கிளைத் தோழரும் செய்யக்கூடிய ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். உங்கள் தெருவிலே வேலை நடக்கும் கட்டிடத்துக்குச் செல்லுங்கள். அங்கே நிற்பவனின் பெயரைக் கேளுங்கள். அவன் ஊரைக் கேளுங்கள். அவன் கைக்கு வரும் கூலியைக் கேளுங்கள். அவன் மொழியிலே நலம் கேட்கும் நான்கு சொற்களைக் கற்றுக்கொள்ளுங்கள், நம் மொழியிலே நான்கு சொற்களைக் கற்றுக்கொடுங்கள். கேட்டதை ஏட்டிலே எழுதுங்கள். அந்த ஏட்டை அவனிடமே படித்துக் காட்டுங்கள். தவறு இருந்தால் அவன் திருத்தட்டும். எந்தப் பேரரசும் தன் ஏட்டை, தான் எழுதிய மக்களிடம் காட்டியதில்லை. நாம் காட்டுவோம்!

குலோத்துங்கனுக்குப் பொன் குழாயிலே மடல் வரவில்லை என்பதற்காக இன்று நாம் அழவேண்டியதில்லை. நம் வாயிலுக்கு வந்திருக்கும் மனிதனுக்கு நாம் எந்த உறையிலே மடல் எழுதுகிறோம் என்பதைத்தான் நாளைய வரலாறு கேட்கும். அதற்கு நாணாமல் விடைசொல்லும் தகுதியை இன்றே தேடிக்கொள்வோம்.